சுமை இறங்காத கல்

இட்டேரி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் மூச்சு விடாமல் சொல்வேன். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு மண்தடம். கொங்கு நாட்டில் தோட்டத்திலிருந்து ஊருக்கும் ஊரிலிருந்து சந்தைக்கும் இப்படித்தான் வழி விட்டு வைத்திருந்தார்கள். கல்லும் கம்பியும் கிடையாது, உயிருள்ள முள்தான் வேலி. அதன் மேல் பிரண்டையும் கோவைக்கொடியும் ஏறியிருக்கும், உள்ளே ஓணானும் கௌதாரியும் கீரியும் குடியிருக்கும். சில இடங்களில் தடம் தேய்ந்து தேய்ந்து நிலமட்டத்துக்குக் கீழே போயிருக்கும். அதற்குள் இறங்கிவிட்டால் வெளியே என்ன நடக்கிறது என்றே தெரியாது. காற்று மட்டும் தலைக்கு மேலே போகிற சத்தம் கேட்கும்.

வாரநாட்களில் சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை எனக்கு. அடுத்தவர் எழுதிய நிரலில் எங்கே ஓட்டை என்று தேடுவது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போவேன். காங்கேயத்தைத் தாண்டி, தாராபுரம் போகிற பக்கம், கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே இன்னும் மிச்சமிருக்கிற இட்டேரிகளில் நடை. ஒரு வேன் நிறைய ஆட்கள் சேர்ந்தால் போதும், கிளம்பிவிடுவோம். சர்ச்சில் முதல் பூசை பார்த்துவிட்டுத்தான் வேனில் ஏற வேண்டும் என்பது அம்மா போட்ட சட்டம். கோயில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஷூ மாட்டிக்கொள்வேன். பங்கு மக்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

அன்றைக்கு ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் ஒரு அக்கா வந்து சேர்ந்துகொண்டார். ஐம்பதைத் தாண்டிய வயது. ஈரோட்டிலிருந்து வருகிறாராம், வீட்டுக்காரர் தறித் துணி வியாபாரம், மகன் வாட்ஸ்அப்பில் வந்த எங்கள் நடை அறிவிப்பைக் காட்டினானாம். நூல் சேலை, அதன் கீழே புது ஸ்போர்ட்ஸ் ஷூ. எல்லோர் முதுகிலும் பை இருக்க, அவர் கையில் ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும்தான் இருந்தது.

நடையின் பாதியில் ஒரு சுமைதாங்கிக் கல் வரும். அங்கே நான் கொஞ்சம் கூடுதல் உற்சாகமாகிவிடுவேன். இரண்டு கற்கள் நட்டு, மேலே ஒரு பலகைக்கல்லைக் குறுக்கே போட்டிருப்பார்கள். நெஞ்சு உயரம். தலைச்சுமையோடு தனியாக நடந்து வருகிறவர் யார் கையையும் எதிர்பார்க்காமல் சுமையை அதில் சாய்த்து இறக்கலாம், இளைப்பாறலாம், குனியாமலே மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். யார் வைத்தார்கள் என்பதுதான் முக்கியம். வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் இறந்துபோனால், இறக்கி வைக்க முடியாத அந்தச் சுமைக்காக அவள் வீட்டார் வழியோரத்தில் இந்தக் கல்லை நடுவார்கள். வழிப்போக்கர்கள் சுமை இறக்க இறக்க, அவளுக்கும் இறங்கும். இதை நான் சொல்லி முடிக்கும்போது எப்போதும் ஒரு சின்ன அமைதி விழும். அந்த அமைதி எனக்குப் பிடிக்கும், அதை ஏன் மறைக்க வேண்டும்.

அன்றைக்கும் விழுந்தது. எங்கள் குழுவில் ஒருவர், நெட்வொர்க் வேலையில் இருப்பவர், எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவர், பையைக் கழற்றிக் கல் மேல் வைத்து, “அந்தக் காலத்து சார்ஜிங் பாயிண்ட்டுங்க இது” என்றார். சிரித்தார்கள். படம் எடுத்தார்கள். நகர ஆரம்பித்தோம்.

ஈரோட்டு அக்கா மட்டும் கல்லைத் தொடாமல் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். நான் திரும்பிப் போய் அழைத்தபோது கேட்டார்:

“ஏனுங் கண்ணு, இந்தக் கல்லுல யாருமே சுமை எறக்கலீன்னா என்னாகுங்?”

நான் எப்போதும் போல வேகமாக ஆரம்பித்தேன். இப்போது யாரும் தலைச்சுமையோடு நடப்பதில்லை, எல்லாம் டெம்போவிலும் டூவீலரிலும் போகிறது, அதனால் இந்தக் கற்கள் பயனிழந்து, சாலை அகலப்படுத்தும்போது பிடுங்கப்பட்டு... நான் முடிக்கும்வரை அவர் மரியாதையாகக் கேட்டார். அப்புறம் சொன்னார்: “அது செரிங். கல்லுக்கு என்னாகும்னு கேக்குலீங்க. அந்த அம்மாளுக்கு என்னாகும்னு கேட்டேன்.”

எத்தனை முறை அந்தக் கல்லருகே நின்று பேசியிருக்கிறேன், இந்தக் கேள்வி எனக்கே தோன்றியிருக்க வேண்டும்.

திரும்பும்போது காங்கேயத்தில் ஒரு டீக்கடையில் வேன் நின்றது. ஈரோடு பஸ் வரும்வரை அவரோடு நின்றேன். அப்போது சொன்னார். அவருக்கு இரண்டு மூன்று வயது இருக்கும்போது அம்மா இரண்டாவது பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே இறந்துபோனார். நிறைமாதம். வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில். ஒரு போட்டோ கூட இல்லை. அப்பா மறு கல்யாணம் செய்துகொண்டார், வந்தவர் குறை வைக்காமல் வளர்த்தார், அதனால் யாரும் பழையதைப் பேசவில்லை. சந்தைக்குப் போகிற இட்டேரியில் ஒரு சுமைதாங்கி வைத்தார்கள் என்பது மட்டும் தெரியும். அப்பாவை அவர் ஐயன் என்றுதான் சொன்னார். ஐயன் உயிரோடு இருந்தவரை அந்தத் தடத்தில் கூட்டிப்போனதே இல்லை. அப்புறம் தோட்டத்தை விற்றுவிட்டார்கள்.

இதெல்லாம் மறந்தே போயிருந்ததாம். ஒரு காதுகுத்து விசேஷத்தில் அத்தைக்கும் இவருக்கும் ஏதோ வாய்த்தகராறு. பந்தியில், எல்லோர் முன்பும், அத்தை சொல்லியிருக்கிறார்: “உங்கம்மா இன்னும் வவுத்துல வெச்சுட்டு அந்த முக்குலயே நின்னுட்டிருக்கறா. நீ நல்லா தின்னுபோட்டுத் தூங்கு.”

அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது. கடையிலிருந்து மளிகைப் பையைத் தூக்கி வந்து சமையல் மேடையில் வைக்கும்போது வாயில் ‘அப்பாடா’ என்று வருமே, அது வரும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொள்கிறாராம். நாமட்டும் எறக்கி வெச்சுக்கறோமே என்று. டீ கிளாஸை அவர் கடைசிவரை கீழே வைக்கவில்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

கல்லைக் கண்டுபிடித்து நீங்களே ஒரு சுமையை வைத்துவிடலாமே என்றேன். அத்தையிடம் சமாதானமான பிறகு அதையும் கேட்டிருக்கிறார். அது ஆகாது என்றாராம் அத்தை. “பெத்த மக கொண்டாந்து வெச்சா அது எறக்கறதில்ல, ஏத்தறது. அசலாளு வெக்கோணும். வழியில போறவன் வெக்கோணும்.”

இது எல்லா ஊரிலும் இருக்கிற வழக்கமா, அந்த அத்தையின் வழக்கமா, எனக்குத் தெரியாது. எதிலும் நான் அதைப் படித்ததில்லை. ஆனால் அந்த அக்கா அதை நம்பினார். அவருக்கு வழிப்போக்கர்கள் வேண்டும். அதற்குத்தான் நடைக்கு வந்திருக்கிறார்.

மறுநாள் ஆபீஸ் வாசலில் பையை ஸ்கேனரில் வைத்தேன். எனக்கு முன்னே ஒருத்தி, பின்னே ஒருத்தன், எல்லோரும் தோளிலிருந்து லேப்டாப் பையை இறக்கி அந்த ரப்பர் பட்டையில் வைத்து, தோளை ஒரு சுழற்று சுழற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் எடுத்துக்கொண்டார்கள். தினம் எத்தனை ஆயிரம் பேர். இத்தனை சுமை இறங்குகிறது, யாருக்கும் கணக்கில் சேராமல். அன்று முழுக்க என்னால் வேலையில் உட்கார முடியவில்லை.

செயற்கைக்கோள் படத்தில் இட்டேரிகள் நன்றாகத் தெரியும். வெளிறிய நிலத்தில் இரண்டு கரும்பச்சை நூல் சேர்ந்து ஓடினால் அது இட்டேரி. அக்கா சொன்ன பழைய தோட்டத்திலிருந்து சந்தை இருக்கும் கிழக்குப் பக்கமாக அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனேன். கொஞ்ச தூரத்தில் தார் ரோடாகிவிட்டது. அப்புறம் அறுந்துவிட்டது. காற்றாலை இறக்கைகளை லாரியில் கொண்டுபோக ஒரு அகல மண்ரோடு போட்டிருக்கிறார்கள், அது குறுக்கே வெட்டிவிட்டது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு சின்னத் துண்டு, நகம் வெட்டிப் போட்ட மாதிரி, கருப்பாகத் தெரிந்தது. படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். “வாரேன்” என்று மட்டும் பதில் வந்தது.

இருவர் மட்டும் போனோம். காலை வெயில். மண்ரோட்டிலிருந்து ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் அந்த இட்டேரித் துண்டு. சீமைக்கருவேலம் அடைத்திருந்தது. ஒரு முனையை ரோடு வெட்டியிருக்க, மறுமுனையை யாரோ முள்கம்பி போட்டு மூடியிருந்தார்கள். எங்கிருந்தும் வர முடியாது, எங்கேயும் போக முடியாது. நடுவில் மட்டும் வழி இருந்தது. முள்ளை விலக்கிக்கொண்டு குனிந்து நடந்தோம். சேலை கிழிகிறதே என்றேன். அவர் காதில் விழவில்லை.

கல் நின்றிருந்தது. ஒரு கால் கொஞ்சம் சாய்ந்து, பலகைக்கல் ஒரு பக்கம் இறங்கி. பக்கத்துக் காற்றாலையின் நிழல் நீளமாக விழுந்து, இறக்கை ஒவ்வொன்றாக அந்தக் கல்லின் மேல் ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. வெளிச்சம், நிழல், வெளிச்சம், நிழல். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கல் மூச்சுவிடுவதுபோல இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பட்டப்பகல், கையில் போன், முழு சிக்னல்.

பலகையின் முகப்பில் எழுத்து இருந்தது. அக்கா பாட்டில் தண்ணீரை ஊற்றி முந்தானையால் துடைத்தார். ஈரத்தில் எழுத்து எழும்பி வந்தது. விரலை ஒவ்வொரு எழுத்தாக ஓட்டிப் படித்தார், புதிதாகப் படிக்கக் கற்றவர் மாதிரி. அவர் அம்மாவின் பெயர்தான். அதை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எழுதவில்லை. வெயிலில் ஈரம் காய்ந்ததும் எழுத்து மறுபடி உள்ளே போய்விட்டது.

அவர் அழவில்லை. இரண்டடி பின்னால் வந்து, “நீ வையி கண்ணு” என்றார்.

என் பையைக் கழற்றி வைத்தேன். அன்றைக்கு அதில் ஒரு தொப்பியும் கொஞ்சம் முறுக்கும்தான். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று புரியாமல் நின்றேன்.

“வெச்சதும் ‘அப்பாடா’ன்னு வரோணும்” என்றார். “உனக்கு வருலியே.”

வரவில்லைதான். பொய்யாகச் சொல்லவும் முடியாது. பையை எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளை வீணாக்குகிறேன் என்று எப்போதும் திட்டுகிறவர், இந்தக் கதையைப் பாதியிலேயே புரிந்துகொண்டுவிட்டார். செத்தும் மோட்சம் சேராமல் உத்தரிக்கிற ஆன்மாக்களுக்கு நாம் செபிக்கிறோமே, அது வேறென்ன என்றார். கல்லறைத் திருநாளுக்கு ஒப்புக்கொடுக்கிற பூசையில் அந்தத் தாயையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லப் போவதாகச் சொன்னார். பெயரைக் கேட்டார். சொல்லக் கூடாது என்றேன். பரவாயில்லை, கடவுளுக்குத் தெரியும் என்று மறுபடி மாவைப் பிசைந்தார்.

எனக்கு அது போதவில்லை. ‘அப்பாடா’ வரவேண்டும், உண்மையாக வரவேண்டும். நடைக்குப் புது வழி ஒன்று போட்டேன். வழக்கமான தூரத்தைவிட ரொம்பக் கூடுதல், நிழலே இல்லாத தடம், கடைசியில் அந்த இட்டேரித் துண்டு. பழைய காலத்தில் சந்தைக்குப் போனவர்கள் எப்படி நடந்தார்கள் என்று தெரிந்துகொள்ள எல்லோரும் ஒரு சுமை கொண்டுவர வேண்டும், நடுவில் எங்கும் இறக்கக் கூடாது என்று குழுவில் எழுதினேன். அக்காவின் கதையைச் சொல்லவில்லை. அவருடைய நிபந்தனை அது. தெரிந்து வைத்தால் அவர்கள் அசலாட்கள் இல்லையாம்.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு. வந்த சுமைகளைப் பார்க்க வேண்டும். ஒருவர் ஜிம்மிலிருந்து இரும்புத் தட்டையே தூக்கி வந்திருந்தார். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி ஒரு சிப்பம் பொன்னி அரிசி கொண்டுவந்து மாற்றி மாற்றிச் சுமந்தார்கள், பாதி வழியில் சண்டையும் போட்டுக்கொண்டார்கள். ஆனைமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி சாக்கு நிறையத் தேங்காய். நெட்வொர்க்காரர் இரண்டு லேப்டாப் கொண்டுவந்து, மேனேஜர் மனசிலிருக்கிற பாரத்தையும் சேர்த்துத் தூக்குவதாகச் சொன்னார். பாதி தூரத்துக்கு மேல் அவரும் பேசவில்லை. செம்போத்து ஒன்று வேலிக்குள்ளிருந்து ‘ஊப் ஊப்’ என்று எங்களோடு கொஞ்ச தூரம் வந்தது.

முந்தின வாரமே நானும் அக்காவும் ஆள் வைத்து முள்ளை வெட்டி வழி செய்திருந்தோம். கல்லுக்கு வந்ததும் ஒவ்வொருவராக இறக்கினார்கள். அரிசிச் சிப்பம் ‘தொப்’ என்று விழுந்தது. “அப்பாடா.” தேங்காய்ச் சாக்கு. “யப்பா சாமி.” இரும்புத் தட்டு. “அம்மா.” யாரும் நடிக்கவில்லை, நடிக்கத் தெம்பும் இல்லை. அக்கா அவர்களைப் பார்க்காமல், முதுகைக் காட்டிக்கொண்டு, வேலியோரம் நின்றிருந்தார். ஒவ்வொரு பெருமூச்சுக்கும் அவர் தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்வதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசி ஆள் இறக்கியபோது அவர் கை வேலிக் கம்பைப் பிடித்திருந்தது. கிளுவையில் முள் இருக்கிறது. பிடித்தபடியே நின்றார்.

பிறகு கட்டுச்சோறு பிரித்தோம். அக்கா மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். இத்தனை மாதத்தில் அவர் பசியோடு சாப்பிட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் பார்க்காத இரண்டு காரியம் அதற்குள் நடந்திருந்தது. ஆனைமலைக்காரரின் மனைவி, நல்ல மனசோடு, கைப்பையிலிருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் கல்லில் தடவி, வேலியில் பூத்திருந்த பூவை வைத்துக் கும்பிட்டிருக்கிறார். அரிசி சுமந்த புதுப்பெண், அதை வீடியோ எடுத்திருக்கிறாள். அன்று மாலையே போட்டுவிட்டாள். சோகமான வயலின் ஒன்றைப் பின்னணியில் சேர்த்திருந்தாள்.

பிடித்திருக்கிறது என்று நானும்தான் அழுத்தினேன்.

ஐப்பசி முழுக்க மழை. கொறங்காடுகள் பச்சையாகிவிட்டன. நான் வேலையில் மாட்டிக்கொண்டு அந்தப் பக்கமே போகவில்லை. ஒருநாள் எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த அன்பிய வாட்ஸ்அப் குழுவில், செபமாலைக் கூட்ட அறிவிப்புக்குக் கீழே, அம்மாவுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. அம்மா போனை என்னிடம் நீட்டினார். அதே கல், அதே வீடியோ, வயலினுக்குப் பதில் உடுக்கை. காங்கேயம் அருகே சுயம்புவாகத் தோன்றிய சுமை தீர்க்கும் அம்மன், பிள்ளை இல்லாதவர்களுக்கு வரம், நிறைமாதக்காரிகளுக்குச் சுகப்பிரசவம், பத்துப் பேருக்கு அனுப்பவும்.

இரண்டு நாள் கழித்து அக்கா போன் செய்தார். குரல் மெல்ல இருந்தது. “கண்ணு, அங்க கல்லுக்கு என்னமோ சேலை கட்டியிருக்கறாங்களாமா. வாரயா?”

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, லீவு போட்டுவிட்டுப் போனேன். காற்றாலை மண்ரோட்டில் கார்கள் நின்றிருந்தன. மேட்டில் ஏற மண்மூட்டை அடுக்கிப் படி செய்திருந்தார்கள். முள்கம்பி அடைத்திருந்த மறுமுனையை எடுத்துவிட்டு அகலமாக வழி திறந்திருந்தார்கள். கிளுவை வேலி இரண்டு பக்கமும் வெட்டப்பட்டுத் தகரப்பந்தல் போட்டிருந்தது. வெட்டிய கிளுவைக் கொம்புகள் மழைக்குத் துளிர்விட்டிருந்தன. சீமைக்கருவேலத்தில் மஞ்சள் துணித் தொட்டில்கள் ஆடின. எத்தனை என்று எண்ணத் தோன்றவில்லை.

கல்லுக்குப் பச்சைச் சேலை. பலகை முழுக்க மஞ்சள் அப்பியிருந்தது. எழுத்து இருந்த இடத்தில் மஞ்சள் கெட்டியாகக் காய்ந்து, அதன் மேல் இரண்டு வெள்ளிக் கண்களை ஒட்டியிருந்தார்கள். மேலே ஒரு அகல் விளக்கு. பக்கத்தில் ஒரு போர்டு: காலணியுடன் வராதீர், கல்லின் மேல் எந்தப் பொருளும் வைக்காதீர்.

அக்கா அந்தப் போர்டை இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன். ஷூவைக் கழற்றினார். உள்ளே ஒரு அம்மா கற்பூரமும் எலுமிச்சையும் வைத்து விற்றுக்கொண்டிருந்தார், பக்கத்து ஊர்க்காரர், ரொம்ப மரியாதையான மனுஷி. அக்கா அவரிடம், ஏதும் அறியாதவர் போல, இது என்ன சாமி என்று கேட்டார். அவர் சொன்ன கதையை நானும் கேட்டேன். மேற்கே மலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த அம்மனாம். வயிற்றில் பிள்ளையோடு நடந்து வந்து, இந்த இடத்தில் கால் ஓய்ந்து, கல்லாகி நின்றுவிட்டாளாம். நம்ம பாரத்தையெல்லாம் அவள் வாங்கிக்கொள்வாளாம். அவள் மேல் மட்டும் பாரம் வைக்கக் கூடாதாம், கோபம் வந்துவிடுமாம். சொந்தம் பந்தம் யாரும் இல்லாத சாமி என்றார், “அதனாலதானுங்க எல்லாருக்கும் ஆத்தாளாயிட்டா.”

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். வெளியே வந்ததும் ஏன் தடுத்தீர்கள் என்று கேட்டேன், எனக்குக் கோபமாக இருந்தது, மஞ்சளைச் சுரண்டி அந்தப் பெயரை எல்லோருக்கும் காட்ட வேண்டும் போல இருந்தது.

“நம்பி வந்திருக்கறாங்க பாரு” என்றார். தொட்டில்களைப் பார்த்துக்கொண்டே. பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏங் கண்ணு, வெளக்கு சுமையாகுமா?”

கல்லின் மேல் எரிந்துகொண்டிருந்த அகலைத் திரும்பிப் பார்த்தேன்.

கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன். அப்போது ஒரு பெண் படியேறி வந்தாள். இருபத்துச் சொச்சம் வயது. எட்டு மாதமாவது இருக்கும், மூச்சு வாங்கியது. இடுப்பில் ஒரு கூடை, தேங்காய், பழம், பொங்கல் வைக்க அரிசி வெல்லம், எல்லாம் நிறைத்து. கூட வந்தவர்கள் கீழே காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்களாம். பந்தலுக்குள் வந்து கூடையை இறக்க இடம் தேடினாள். தரையெல்லாம் மழைச்சேறு. அந்தப் பலகைக்கல் சரியாக அவள் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. இயல்பாகவே கூடையோடு அதன் பக்கம் சாய்ந்தாள்.

அக்கா ஓரடி முன்னால் போனதைப் பார்த்தேன். அவர் உதடு பிரிந்திருந்தது.

“அம்மிணி, அம்மிணி, அங்க வெச்சுராத சாமி” என்று கற்பூரக்காரம்மா பதறி எழுந்தார். அந்தப் பெண் திடுக்கிட்டுக் கூடையை இழுத்துக்கொண்டாள். ஒரு தேங்காய் உருண்டு விழுந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டாள், தெரியாமல் வந்துவிட்டேன் ஆத்தா என்று கல்லிடம் மன்னிப்புக் கேட்டாள். கண்ணில் நீர் கோத்துவிட்டது. பாவம், வயிற்றில் பிள்ளையோடு வந்து சாமி குத்தம் ஆகிவிட்டதே என்ற பயம்.

அக்கா குனிந்து தேங்காயை எடுத்தார். சேலையில் துடைத்தார். பிறகு அந்தப் பெண்ணின் இடுப்பிலிருந்து கூடையை இரண்டு கையாலும் தூக்கி, தன் இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“நீ போய்ச் சுத்திட்டு வா சாமி. நான் புடிச்சிருக்கறேன்.”

அந்தப் பெண் இடுப்பில் கை ஊன்றி நிமிர்ந்தாள். “அப்பாடா” என்றாள், யாரிடமும் இல்லாமல்.

அக்கா கல்லுக்குப் பக்கத்தில், அதைத் தொடாமல், அதைப் போலவே நின்றார். அந்தப் பெண் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தாள். நிறைமாதக்காரி நடை, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் நின்று நின்று. பந்தலுக்கு மேலே காற்றாலை இறக்கையின் சத்தம், அதே சீராக. நான் போய், கொடுங்க அக்கா, நான் கொஞ்ச நேரம் பிடிக்கிறேன் என்று கை நீட்டினேன்.

“கனமாத்தான் இருக்குது” என்றார். கூடையைக் கொடுக்கவில்லை. “இருக்கட்டும்.”